நிரல் எழுதியவன் நான், கம்பெனி மூவருடையது: அப்படியென்றால் நிரல் யாருடையது?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கினோம். அலுவலக வேலை முடிந்தபின் இரவுகளில் உட்கார்ந்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நான் எழுதியதுதான் அதன் நிரலில் பெரும்பகுதி. ஒரு நண்பர் திரைகளை வடிவமைத்தார். கட்டணம் செலுத்தும் பகுதியின் நிரலையும் எழுதினார். இன்னொருவருடையது மூல யோசனை. வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். சில மாதங்களுக்கு முன் கம்பெனியைப் பதிவு செய்து, பங்குகளைச் சமமாக மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை. லோகோவை வெளியாள் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்தார். இணைய முகவரி யோசனை சொன்ன நண்பரின் பெயரில் இருக்கிறது. இப்போது ஒரு முதலீட்டாளர், "அறிவுசார் சொத்து முழுவதும் கம்பெனியின் பெயரில் இருக்கிறதா?" என்று கேட்கிறார். இதற்கிடையே வடிவமைத்த நண்பர் அடுத்த மாதம் விலகப் போகிறார். எல்லாவற்றையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தபின் என்னை வெளியே அனுப்பிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? பழைய தேதி போட்டு ஓர் ஒப்பந்தம் தயாரித்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

முதலீட்டாளரின் கேள்விக்கு இன்றைய தேதியில் நேர்மையான பதில் "இல்லை" என்பதுதான். உங்கள் கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, செயலி மட்டும் இல்லை. இதில் பதற ஒன்றுமில்லை. நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் முதலீட்டாளர் முன் போய் நிற்கின்றன. ஆனால் விலகப் போகிறவரிடம் கையெழுத்து வாங்க உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. எந்த நாட்டில் பதிவு செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனவே பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன். சட்டம் வேறுபடும் இடங்களில் நாட்டின் பெயரைக் குறிப்பிடுகிறேன்.

நாங்கள்தானே கம்பெனி, எங்களுடையது எப்படிக் கம்பெனியுடையது ஆகாமல் போகும் என்று நீங்கள் நினைக்கலாம். 1897-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அன்று அங்கே உச்ச நீதிமன்றமும் அதுவே) சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கில் இதற்கு விடை சொல்லிவிட்டது. கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 அவரிடம் இருந்தன. அப்படியிருந்தும் கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது தீர்ப்பு. கம்பெனியின் கடனுக்கு முதலாளியின் வீடு பொறுப்பாகாது என்பதற்காகத்தான் அந்த வழக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே விதி மறுபக்கமும் வெட்டும். உங்களிடம் இருப்பது தானாகக் கம்பெனிக்குப் போகாது. கம்பெனி பிறப்பதற்கு முன் எழுதிய ஒவ்வொரு வரியும் எழுதியவருக்கே சொந்தம். மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உரியவர். நிரலில் அவருக்கு என்ன உரிமை என்பது தனிக் கணக்கு.

பதிவுக்குப் பிறகு எழுதியவையாவது கம்பெனிக்குச் சேருமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குச் சேரும் என்று இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. ஆனால் நீங்கள் மூவரும் ஊழியர்களா? சம்பளம் இல்லை, பணி ஆணை இல்லை. இயக்குநர் என்ற பதவியோ பங்குகளோ ஒருவரை ஊழியர் ஆக்கிவிடாது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே சொற்றொடரில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். "அலுவலக வேலை முடிந்தபின் இரவுகளில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். நண்பர்கள் மூவருக்குள் இருப்பதைப் பேசித் தீர்க்கலாம். இன்னொரு நிறுவனத்தின் சட்டப்பிரிவோடு அப்படிப் பேச முடியாது. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இடங்களைத் தேடுங்கள். பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா? பணி நேரத்துக்கு வெளியே செய்ததும் அதில் அடங்குமா? வேறு தொழிலில் ஈடுபட முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறதா? கலிஃபோர்னியா போன்ற சில இடங்களில் சட்டமே ஊழியருக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. சொந்த நேரத்தில், முதலாளியின் கருவிகளோ ரகசியங்களோ இல்லாமல் உருவாக்கிய கண்டுபிடிப்பை முதலாளி கேட்க முடியாது என்று அங்குள்ள தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆவது பிரிவு சொல்கிறது. அதிலும், முதலாளியின் தொழிலோடு தொடர்புடையது என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பல நாடுகளில் இந்த அளவு துணைகூட இல்லை.

அலுவலக மடிக்கணினியில் ஒருமுறையாவது அந்த நிரலைத் திறந்திருக்கிறீர்களா, அலுவலக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், "இந்தச் செயலியின் மீது எங்களுக்கு உரிமை கோரிக்கை இல்லை" என்று அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குவதுதான் சுத்தமான வழி. கேட்டால் தூங்குகிறவரை எழுப்பியதாகிவிடாதா என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அதனால் கேட்பதற்கு முன் பணி ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஷரத்து உங்களைத் தொடவே இல்லை என்று அவர் எழுத்தில் கருத்துச் சொன்னால் அதுவே முதலீட்டாளருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் இதைச் சரிபார்க்காமல் கம்பெனிக்கு உரிமையை மாற்றிக் கொடுக்காதீர்கள். உங்களிடம் இல்லாததை உங்களால் கொடுக்க முடியாது. "இது முழுக்க என்னுடையதே" என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டுவிட்டு, அது பொய்யானால் இழப்பீடு கேட்டு வருபவர்கள் உங்கள் நண்பர்களாகவே இருப்பார்கள்.

அடுத்து, விலகப் போகிற நண்பர். கட்டணப் பகுதியின் நிரல் அவருடையது. திரை வடிவங்களும் அவருடையவை. அவருடைய பங்களிப்பைத் தனியே பிரித்துக் காட்ட முடிந்தால், அந்தப் பகுதிக்கு அவர் மட்டுமே உரிமையாளர் என்பது இந்திய, பிரிட்டிஷ் சட்டங்களின் போக்கு. பிரிக்க முடியாமல் கலந்திருந்தால் கூட்டு உரிமை. அமெரிக்காவில், ஒரே படைப்பாகச் சேர்க்கும் எண்ணத்தோடு செய்திருந்தால் தனித்தனிப் பகுதிகளும் கூட்டுப் படைப்பாகலாம். கூட்டு உரிமை என்பது கேட்க நன்றாக இருக்கும். தொழிலுக்கு அதைவிடத் தொல்லையான ஏற்பாடு குறைவு. ஒருவரை மற்றவர் எந்த அளவு கட்டிப்போடலாம் என்பது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவில் பதிப்புரிமையின் ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரைக் கேட்காமலே யாருக்கும் சாதாரண (பிரத்தியேகமல்லாத) உரிமம் கொடுக்கலாம். வருமானத்தில் பங்கு தந்தால் போதும். பிரிட்டனில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையிலும் இப்படித்தான்: இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டு உரிமையாளர் ஒருவர் தாமே பயன்படுத்திக்கொள்ளலாம், பிறருக்கு உரிமம் தர மற்றவர்களின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சம்மதம் தேவையில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த எத்திகான் வழக்கைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக் கருவி ஒன்றின் காப்புரிமையை வைத்து எத்திகான் நிறுவனம் ஒரு போட்டி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அந்தக் காப்புரிமையில் பெயர் விடுபட்டுப்போன ஒரு மின்னணுத் தொழில்நுட்பர் இருப்பதைப் போட்டி நிறுவனம் கண்டுபிடித்தது. காப்புரிமை பாதுகாப்புக் கோரிய 55 உரிமைக்கூறுகளில் இரண்டில்தான் அவருடைய பங்கு இருந்தது. ஆனால் அது போதும், காப்புரிமை முழுவதுக்கும் அவர் கூட்டு உரிமையாளர் என்றது நீதிமன்றம். அவர் போட்டி நிறுவனத்துக்கு உரிமம் எழுதிக் கொடுத்தார். எத்திகானோடு சேர்ந்து வழக்காடவும் மறுத்தார். வழக்கு தள்ளுபடி.

எனவே நண்பர் இருக்கும்போதே, மனம் கசக்காதபோதே கையெழுத்து வாங்குங்கள். அதற்காக அவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்துவைத்து மிரட்ட வேண்டாம். நிர்ப்பந்தத்தில் வாங்கிய கையெழுத்து பிறகு நீதிமன்றத்தில் ஆட்டம் காணும். அவர் விட்டுச் செல்லும் உரிமைக்கு நியாயமான விலை ஒன்றைப் பேசுங்கள். அவர் பங்கில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளட்டும், மீதியைக் கம்பெனியோ நீங்கள் இருவருமோ வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போகிறவர் மூன்றில் ஒரு பங்கை முழுசாக எடுத்துச் சென்றால் முதலீட்டாளர் முகம் சுளிப்பார். பங்கும் நிரலும் ஒரே பேச்சில், ஒரே ஒப்பந்தத்தில் தீரட்டும். அவர் மறுத்துவிட்டால் கட்டணப் பகுதியை முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். அப்போதும் அவருடைய நிரலைப் பார்த்தே இராத ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

யோசனை சொன்ன நண்பரைப் பொறுத்தவரை, பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், வெறும் யோசனைக்கு இல்லை. 1994-இல் கையெழுத்தான, அறிவுசார் சொத்து பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையான டிரிப்ஸே இதைச் சொல்கிறது. மென்பொருளை இலக்கியப் படைப்பாகக் காக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் "உன் யோசனைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை" என்று அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மறைந்துபோகும் படங்கள் என்ற யோசனை தன்னுடையது என்று சொல்லி, ஸ்னாப்சாட் நிறுவனர்கள் மீது அவர்களுடைய பழைய கூட்டாளி ரெஜி பிரவுன் வழக்குத் தொடுத்தார். 2014-இல் சமரசம் ஆனது. தொகை 15.75 கோடி டாலர் என்பது 2017-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியே தெரிந்தது. நண்பரிடமும் உரிமை மாற்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். வணிகத் திட்டம், வாடிக்கையாளர் பட்டியல், கம்பெனியின் பெயர், இணைய முகவரி எல்லாம் அதில் வரட்டும். இணைய முகவரியைப் பொறுத்தவரை கையெழுத்து மட்டும் போதாது. பதிவாளரிடம் உள்ள கணக்கைக் கம்பெனி மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நிரல் சேமித்துவைத்திருக்கும் கணக்கு, சர்வர் கணக்கு, செயலி அங்காடிக் கணக்கு ஆகியவற்றுக்கும் இதே வேலைதான்.

லோகோ வரைந்தவருக்குப் பணம் கொடுத்தாயிற்றே என்று நினைக்காதீர்கள். பணம் கொடுத்தால் பயன்படுத்தும் அனுமதி கிடைக்கும். உரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே நிற்கும். பிரிட்டனில் கிளாசிக் எஃப்எம் வானொலிக்காக இசைப் பதிவுகளைப் பட்டியலிட்டுக் கொடுத்த ராபின் ரே என்ற ஆலோசகரின் வழக்கு (1998) இதற்கு நல்ல பாடம். வானொலி அந்தப் பட்டியலை வெளிநாடுகளில் விற்க முனைந்தது. பதிப்புரிமை ரேயுடையது, வானொலிக்கு இருப்பது உள்நாட்டில் தன் ஒலிபரப்புக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று தீர்ப்பு வந்தது. உங்கள் ஓவியருக்கு ஒரு பக்க உரிமை மாற்றுக் கடிதத்தை இன்றே அனுப்புங்கள். கம்பெனி பெரிதாவதற்கு முன் கேட்டால் சிரித்துக்கொண்டே கையெழுத்திடுவார்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்தபின் வெளியே அனுப்பினால் என்ன மிஞ்சும்? கேள்வி சரியானது. இதைக் கேட்காமலே கையெழுத்திட்ட நிரலாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிரலை உங்களிடமே வைத்துக்கொண்டு கம்பெனிக்கு உரிமம் மட்டும் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி முடியும். முதலீடு வேண்டாம் என்றால் அது மோசமான யோசனையும் அல்ல. ஆனால் வெளிப்பணம் வாங்கப்போகிற கம்பெனிக்கு அது ஒத்துவராது. உங்களோடு சண்டை வந்த மறுநாள் உயிர் போகக்கூடிய கம்பெனியில் யார் பணம் போடுவார்கள்? ஆகவே உரிமையை மாற்றிக் கொடுங்கள் என்றே சொல்வேன். எப்போது, எதற்கு ஈடாக என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது.

முதலீட்டாளர் வந்ததும், நிறுவனர்களின் பங்குகள் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உறுதியாகும், முதல் ஆண்டு முடியும்முன் போனால் ஒன்றும் கிடையாது என்ற ஏற்பாட்டைக் கேட்பார். வழக்கமான கோரிக்கைதான், நியாயமானதும்கூட. விலகும் நண்பரின் விஷயத்தில் அது இல்லாமல்தானே இப்போது தவிக்கிறீர்கள். ஆனால் உங்கள் நிலையை உற்றுப் பாருங்கள். நிரல் முதல் நாளே முழுதாகக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. அதற்கு ஈடான பங்கு நான்கு ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாக வருகிறது. ஏழாவது மாதம் உங்களை அனுப்பிவிட்டால் கம்பெனியிடம் நிரல் இருக்கும், உங்களிடம் ஒன்றும் இருக்காது. உழைத்து முடித்த ஒன்றரை ஆண்டுக்கும், இனி உழைக்கப்போகும் நான்கு ஆண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதால் வரும் கோளாறு இது. அதனால் உங்கள் பங்கில் ஒரு கணிசமான பகுதி, ஏற்கெனவே எழுதிய நிரலுக்கு ஈடாக, உரிமை மாற்றத்தில் கையெழுத்திடும் நாளிலேயே உறுதியாகிவிட வேண்டும் என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பகுதியில் தொடங்கிக் கேட்பதில் தவறில்லை. மீதி படிப்படியாக வரட்டும். தக்க காரணமின்றி உங்களை நீக்கினால் மீதியும் உடனே உறுதியாகும், அல்லது அதில் பாதியாவது உறுதியாகும் என்று ஒரு ஷரத்தையும் சேருங்கள். "தக்க காரணம்" எது என்பதை வரி வரியாக எழுதிவிடுங்கள். அதை இயக்குநர் குழுவின் விருப்பத்துக்கு விட்டால் அந்த ஷரத்து இருந்தும் பயனில்லை.

கம்பெனி தலையெடுக்காமலே படுத்துவிட்டால் நிரல் உங்களுக்குத் திரும்பும் என்ற ஷரத்தையும் கேட்கலாம். முதலீடு வரும் நாள்வரைக்கும்தான் அது நிற்கும். அதற்குப்பின் முதலீட்டாளர் அதை ஏற்கமாட்டார், கடன்காரர்களும் விடமாட்டார்கள். ஆனாலும் பேச்சுவார்த்தை முறிந்துபோனால் அது கைகொடுக்கும்.

இந்தச் செயலிக்கு முன்பே நீங்கள் எழுதி, பல வேலைகளில் பயன்படுத்தும் பொதுவான நிரல் தொகுப்புகள் இருக்குமே, அவற்றை மறந்துவிடாதீர்கள். அவற்றைப் பட்டியலிட்டு, ஒப்பந்தத்தின் இணைப்பில் "இவை மாற்றப்படவில்லை, கம்பெனிக்கு நிரந்தர உரிமம் மட்டும்" என்று எழுதுங்கள். பட்டியலில் இல்லாத எல்லாம் போய்விட்டதாகவே பிறகு வாதிடுவார்கள். திறந்த மூல நிரல்களை எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். சேர்த்து வெளியிடும் நிரலையும் திறந்துவைக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலைச் சேர்த்து வெளியிட்டிருந்தால் முதலீட்டாளரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் தோண்டுவார்.

இவை எல்லாமும், அதாவது உரிமை மாற்று ஒப்பந்தமும் பங்குதாரர் ஒப்பந்தமும், ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்தாகட்டும். "முதலில் நிரலை மாற்றிக் கொடு, பங்குதாரர் ஒப்பந்தத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிரலுக்கு ஈடாகப் பங்கு பெறும்போது வரி வரக்கூடும் என்பதால் கணக்காளரையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் வாசகத்தில் கவனம் வையுங்கள். "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினால் அது வாக்குறுதி. "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்றால்தான் மாற்றம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இந்த வேறுபாட்டில்தான் தோற்றது. அதன் ஆராய்ச்சியாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு முதல் வகை வாசகத்திலும், பின்னர் தாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு தனியார் நிறுவனத்துக்கு இரண்டாம் வகை வாசகத்திலும் கையெழுத்திட்டிருந்தார். எச்ஐவி அளவிடும் முறை ஒன்றில் அவருக்கிருந்த உரிமை அந்தத் தனியார் நிறுவனத்துக்கும், அதன் தொழிலை வாங்கிய ரோஷ் நிறுவனத்துக்கும் போனது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஸ்டான்ஃபோர்டுக்கு வெற்றி கிடைக்கவில்லை.

உங்களுக்கு இந்தியச் சட்டம் பொருந்துமானால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை வழக்கறிஞரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றிக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். இணையத்திலிருந்து எடுத்த வெளிநாட்டு மாதிரிப் படிவங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில் பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கவே முடியாது. பிரத்தியேகப் பயன்பாட்டு உரிமைதான் தரலாம். அங்கே ஒருவர் உங்களுக்காக நிரல் எழுதினால் வாசகம் வேறாக இருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய தேதி. வேண்டாம். கம்பெனி பதிவாகாத ஒரு தேதியில் அந்தக் கம்பெனியே கையெழுத்திட்டதாகக் காகிதம் சொன்னால் அது ஒப்பந்தமாக நிற்காது. பதிவுக்குப் பிந்தைய பொய்த் தேதி போட்டாலும், மின்னஞ்சலும் கோப்புகளின் உள்தகவலும் உண்மையான நாளைக் காட்டிக்கொடுக்கும். முதலீட்டாளரிடம் அதைக் காட்டினால் ஏமாற்றுக் குற்றச்சாட்டுக்கே இடமாகும். அதற்குத் தேவையும் இல்லை. இன்றைய தேதியைப் போட்டு, "கம்பெனி பதிவாவதற்கு முன்பும் பின்பும், இன்றுவரை இந்தச் செயலிக்காக நான் உருவாக்கிய அனைத்தையும் இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்று எழுதினால் பழையதும் அதில் அடங்கிவிடும். முதலீட்டாளர் கேட்டால், "சென்ற வாரம்வரை கம்பெனியின் பெயரில் இல்லை, இப்போது இருக்கிறது, இதோ ஒப்பந்தங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். இத்தகைய பதிலை அவர்கள் அடிக்கடி கேட்பவர்கள்தான்.